ஏழாவது ஜன்னலில் ஒரு ஜாடி

ஜனவரி 9, செவ்வாய்

போட்டோ கிளப்பில் இந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு அறிவித்துவிட்டார்கள். ‘ஒன்றே பலவாக’. அதாவது, ஒரே மாதிரிப் பொருள் திரும்பத் திரும்ப வருகிற படம். வேலி, படிக்கட்டு, தேவாலயத்து நாற்காலிகள், எதுவானாலும் சரி.

தலைவர் கூன்ராட் முக்கால் மணி நேரம் பேசினார். “திரும்பத் திரும்ப வர்றது கண்ணுக்குத் தாளம். ஆனா தாளம் மட்டும் போதாது. எங்கேயாவது ஒரு இடத்துல அது தப்பணும். தப்பலேன்னா அது படம் இல்ல, சுவத்துல ஒட்டற காகிதம்.” இதையே நான்கு முறை சொன்னார். ஒரு முறைகூடத் தப்பவில்லை.

காப்பியோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டார்கள்.

கூன்ராட் ஆறு வருடமாக ஜெயிக்கிறார். ஆறு வருடமும் பாப்லர் மர வரிசை. மூடுபனியில் பாப்லர், உறைபனியில் பாப்லர், வெள்ளத்தில் பாப்லர். போன வருடத் தலைப்பு ‘மனித முகம்’. அதற்கும் பாப்லரையே கொடுத்தார், கடைசி மரத்தடியில் கடுகளவுக்கு ஒரு ஆளை நிறுத்தி. ஜெயித்தார்.

நான் நான்கு தடவை ‘பாராட்டத்தக்க முயற்சி’. அதற்குச் சான்றிதழ்கூடக் கிடையாது, கைகுலுக்கல் மட்டும். ஜெயிக்கிற படத்தை ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கி நூலக வாசலில் ஒரு வருடம் மாட்டுவார்கள். எனக்கு அது வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஆசைப்படுவது அசிங்கமா? அசிங்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டும்.

ஜனவரி 10, புதன்

இன்று நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளில் தபால் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே மாதிரிக் கதவு. இந்தத் தலைப்பில் ஒரு தபால்காரி ஜெயிக்காவிட்டால் வேறு யார் ஜெயிப்பது?

ஜனவரி 14, ஞாயிறு

ரயில் நிலையத்துக்கு எதிரே, சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவு வைத்த கடை. காசு போட்டால் ஒரு கதவு திறக்கும், உள்ளே சுடச்சுட ஒரு குரோக்கெட், பொரித்த இறைச்சி உருண்டை, இருக்கும். இருபத்து நான்கு கதவு, இருபத்து நான்கு குரோக்கெட். கேமரா முக்காலியை நிறுத்தி நாற்பது நிமிடம் நின்றேன். தாளம் இருந்தது. தப்பத்தான் காணோம்.

கூட வந்த என் வீட்டுக்காரர் யாப்பிடம், “நடுவில இருக்கிறத எடு” என்றேன். எடுத்தார். தின்றார். படம் ஓட்டைப்பல் மாதிரி வந்தது.

“இன்னொரு இடத்துல தப்பட்டுமா?” என்றார்.

மொத்தம் நான்கு இடத்தில் தப்பினார். படமும் கிடைக்கவில்லை, சமைத்து வைத்த சூப்பும் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 20, சனி

குப்பைத் தொட்டிகளை வரிசையாக எடுத்தேன். குப்பைத் தொட்டி மாதிரியே இருந்தது.

பிறகு பால் பண்ணைக்குப் போனேன். நாற்பது மாடுகள் கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டித் தின்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அடடா, இதுதான் என்று கேமராவைத் தூக்கினேன். மீதி முப்பத்தொன்பதும் நிமிர்ந்து பார்த்தன.

பிப்ரவரி 1, வியாழன்

மெரெல் தெரு 14-க்கு, என் தங்கை வில்மா வீட்டுக்கு, அவள் புருஷன் ஹார்முடைய மீன்பிடி இதழ் இந்த மாதமும் வரவில்லை. தபால் பிரிக்கும் கூடத்தில் யாரோ தூங்கி வழிகிறார்கள். புகார் எழுத வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

கிடைத்துவிட்டது!

காலை பத்து மணிக்கு மெரெல் தெருவில் திரும்பினேன். ஒரு வாரமாகப் பார்க்காத சூரியன், தரையோடு தரையாக. பதினோரு வீடும் ஒட்டி ஒட்டி, ஒரே செங்கல், ஒரே கதவு, ஒரே ஜன்னல். திரைச்சீலை ஒரு வீட்டிலும் மூடியில்லை, வழக்கம்போல. ஜன்னல் திட்டில் எல்லோரும் ஜோடி ஜோடியாகத்தானே வைப்பார்கள்! இரண்டு ஆர்க்கிட், இரண்டு விளக்கு, இரண்டு வெள்ளைப் பீங்கான் ஆந்தை, இரண்டு ஜாடி. இந்தத் தெருவுக்கு ஒன்பது வருடமாகத் தபால் போடுகிறேன். இன்றைக்குத்தான் அது தாளமாகக் கேட்டது. ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு —

ஒன்று.

ஏழாவது ஜன்னல். வில்மாவுடையது. இடது பக்கம் சாம்பல் நிற ஜாடி, வலது பக்கம் வெறும் திட்டு. துடைக்கும்போது போட்டு உடைத்திருப்பாள், அவள் கை அப்படி. உடைத்தவள் சரியாக இந்த இடத்திலா உடைக்க வேண்டும்! இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் நாலு. நானே போய் அடுக்கியிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு, எதிரே குழந்தைகள் விளையாடும் சறுக்கு மரத்தின் மேல் ஏறி நின்று பதினான்கு படம் எடுத்தேன். தபால்காரி சீருடையில், பையோடு. இரண்டு குழந்தைகள் கீழே வரிசையில் நின்று, “பாட்டி, சறுக்கறியா இல்லியா?” என்றன. சறுக்கினேன். வேறு வழியில்லை.

பிறகு 14-ஆம் எண்ணில் மின்சார பில்லைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வில்மா உள்ளே இருந்தாளா, வேலைக்குப் போயிருந்தாளா, கவனிக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

யாப்பிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “இது குரோக்கெட்டை விட நல்லா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

பிப்ரவரி 20, செவ்வாய்

படத்தைக் கொடுத்தேன். கூன்ராட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. வீடு வரை சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

வெளியூர் நடுவர் இறுதிச் சுற்றுக்கு ஆறு படங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். என்னுடையது உண்டு. கூன்ராடின் பாப்லரும் உண்டு. இந்தத் தடவை வரிசையில் ஒரு மரம் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியது அவர் இல்லை என்று நம்புவோம்.

ஆறும் முடிவு வரும் வரை நூலகத்தில், சின்ன அளவில். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை நூலகர் பெண், “உங்களோடதா?” என்று கேட்டாள். “எது?” என்று கேட்டேன், அற்பப்பிறவி மாதிரி.

மார்ச் 7, வியாழன்

வில்மா வந்தாள். சொல்லாமல், நாட்காட்டியில் எழுதாமல், சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில். எங்கள் குடும்பத்தில் யாரும் யார் வீட்டுக்கும் இப்படி வந்ததில்லை. யாப், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ரேடியோவை அணைத்தார்.

கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை.

“நூலகத்துல என் வீட்ட மாட்டி வச்சிருக்கியாமே?”

“உன் வீடு மட்டும் இல்லடி, பதினொரு வீடு...”

“பக்கத்து வீட்டு ஆன்யா சொல்றா. ‘உன் ஜன்னல் அழகா வந்திருக்கு வில்மா, ஆனா இன்னொரு ஜாடி எங்கே?’ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கறா.”

“உடைஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“உடையல. பங்கு போட்டோம்.”

எனக்குப் புரியவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“ஹார்ம் நவம்பர்லயே போயிட்டான், யோலான்டா. எல்லாம் சரிபாதி. கரண்டி ஆறு ஆறு. துண்டு எட்டு எட்டு. ஜாடி அவன் அத்தை குடுத்தது, ரெண்டையும் கேட்டான். ஒண்ணுதான் தருவேன்னு நின்னுட்டேன்.”

ஏப்ரல் ஆறாம் தேதி அம்மாவுக்கு எண்பது. அம்மாவுக்குப் பெற்ற பெண்கள் இரண்டு பேரையும் விட ஹார்மைப் பிடிக்கும். அதனால் பிறந்தநாள் முடிகிற வரை மூச்சு விடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவனும் வந்து பக்கத்தில் உட்காருவான். பிறகு வில்மா அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்வாள். திட்டம் நான்கு மாதமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் சறுக்கு மரத்தில் ஏறும் வரை.

அம்மா புதன்கிழமை தோறும் நூலகத்துக்குப் போவாள், பெரிய எழுத்துத் துப்பறியும் கதை எடுக்க. நேற்று சளி என்று போகவில்லை. அடுத்த புதன் போவாள். ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிவிடுவாள்.

“அதை எடுத்துடு” என்றாள் வில்மா.

நான் “பார்க்கலாம்” என்றேன். பார்க்கலாமாம்!

வாசலில் நின்று திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “தினமும் வர்றியே. என் கதவுல கைய விட்டுத் தபால் போடறியே. ஜாடி ஒண்ணு குறைஞ்சது உன் கண்ணுல பட்டுச்சு. ஆள் ஒண்ணு குறைஞ்சது படலியா?”

போய்விட்டாள். சாப்பாடு ஆறிப்போச்சு. யாப் அத எடுத்து மூடி வச்சார்.

மீன்பிடி இதழ்! முகவரி மாத்தியிருக்கான், அவ்வளவுதான். ஒன்பது வருஷமா இதே வேலை பாக்கறேன், ஒரு ஆளுக்குத் தபால் நின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? கூடத்துல யாரோ தூங்கறாங்கன்னு எழுதி வச்சிருக்கேன். தூங்கினது யாரு?

மார்ச் 8, வெள்ளி

என் தரப்பு: திரை போடாமல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள். தெருவில் நின்று எடுத்தேன், தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை.

அவள் தரப்பு: இந்த ஊரில் எல்லோரும் திரையைத் திறந்து வைப்பதே எவனும் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கையில்தான். கண்ணில் படலாம், பார்க்கக் கூடாது. நான் பார்த்ததோடு நிற்காமல் சறுக்கு மரத்தில் ஏறிப் பார்த்தேன்.

என் தரப்பு இவ்வளவுதான். ஒரு பத்தி தேறவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கூன்ராட் போன். செவ்வாய்க்கிழமை முடிவு அறிவிப்பாராம். “நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வாங்க, யோலான்டா. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.” அவர் குரல், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் குரல் மாதிரி இருந்தது.

ஜெயித்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு உட்கார்ந்தேன். ஒன்றரை மீட்டர் அகலம். அந்த அளவில் ஆந்தையின் கண்கூடத் தெரியும். வருடம் முழுக்க ஊரே நூலகத்துக்கு வந்து போகும், இலவசப் பத்திரிகையில் அரைப் பக்கம் வரும், அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள்.

படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன், சும்மா கேட்பது போல. “நடுவர் தேர்ந்தெடுத்த பிறகு முடியாது. விதி ஒன்பது.” சரி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் வாங்கினாள் என்று ஊர் கேட்கும். பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது, ஏழாவது ஜன்னலில்.

வில்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நான் எழுதுவதுதானே: அவளுக்காக வருத்தமாக இருக்கிறது, ஆனால் படத்தை விட மனசு வரவில்லை. இருபது வருடமாகக் கேமராவைத் தூக்கி, ஒரே ஒரு படம். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 11, திங்கள்

எனக்கு விடுமுறை. தோட்டத்தில் நின்று ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. படத்தை எடுக்க வேண்டாம். படத்தைப் பொய்யாக்கினால் போதும்.

நேராக ஹார்மைத் தேடிப் போனேன். மருந்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன வீடு. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஜன்னலிலும் அதே சாம்பல் ஜாடி, ஒன்றே ஒன்று. நடுவில் வைக்கக் கூடாதா? இல்லை, வலது ஓரத்தில் வைத்து, இடது பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறான். இவனைத் திட்டத்தான் போனேன். அந்தத் திட்டைப் பார்த்ததும் திட்டு பாதியாகக் குறைந்துவிட்டது.

“ஒரு மாசத்துக்கு அந்த ஜாடிய வில்மா ஜன்னல்ல வை” என்றேன். ஏன் என்று சொன்னேன்.

யோசித்தான். “ஏப்ரல் ஏழாம் தேதி திருப்பிக் குடுத்துடுவாளா? அத்தையோடது.”

“ஹார்ம், நீ பாகம் பிரிக்கற மருமக மாதிரி பாத்திரத்துக்கு அழறியேடா!”

“ஆறாம் தேதி சாயங்காலமே குடுத்தாலும் சரி” என்றான், செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே.

மார்ச் 12, செவ்வாய்

நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன்.

கூன்ராட் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். “அந்தப் படம் பொய். ஏழாவது ஜன்னல்லயும் ரெண்டு ஜாடி இருந்துச்சு. ஒண்ண நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்.”

பதினோரு பேர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு தலைகூட வேறு பக்கம் திரும்பவில்லை.

“நீங்களா?” என்றார் கூன்ராட். “ஏன்?”

“எங்கேயாவது தப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார்கள். ஒரு வருடம் கிளப்புக்கு வரக் கூடாது, மூன்று வருடம் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. முதல் பரிசு, பாப்லர். ஏழாவது வருடம். அதை வாங்கும்போது கூன்ராட் முகத்தில் சந்தோஷம் இல்லை. “எவ்வளவு நல்ல படம் தெரியுமா அது, நிஜமா மட்டும் இருந்திருந்தா” என்றார், கோட்டு மாட்டும் இடத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது. குற்றம் செய்தவள் அழுகிறாள் என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒரே ஒரு உண்மையான படம் எடுத்தேன். அதைப் பொய் என்று நானே சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். வலிக்கிறது. படத்தோடு என் பெயரும் போகும் என்று தெரிந்துதான் செய்தேன், ஆனால் இப்படி வலிக்கும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 13, புதன்

அம்மா நூலகத்துக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள். வாசலில் யாரோ பிரமாதமாக மரம் எடுத்து வைத்திருக்கிறார்களாம். உன் படம் ஏன் ஒருநாளும் வருவதில்லை என்றாள்.

மார்ச் 20, புதன்

இலவசப் பத்திரிகையில் நாலு வரி. ‘ஜாடியை மறைத்த தபால்காரி.’ பெயர் போடவில்லை, ஊரில் போட்டோ எடுக்கிற தபால்காரி நான் ஒருத்திதான். மெரெல் தெருவில் ஆன்யா வாசலிலேயே நின்றிருந்தாள். “என் கடிதத்துல ஏதாவது வரிய அழிச்சுட்டீங்களா?” பக்கத்து ஜன்னலில் இரண்டு ஜாடியும் இருப்பதை ஆசை தீரப் பார்த்துவிட்டு, “பாவம் வில்மா, நான்தான் ஏதேதோ நினைச்சுட்டேன்” என்றாள். வாயை அடைத்தாயிற்று.

வில்மாவிடமிருந்து ஒரு வரிச் செய்தி: ‘ஜாடி வந்தது.’ நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. மணியடிக்கலாமா என்று கதவு வரை போய், தபாலைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நானும் மாறவில்லை பார்.

ஏப்ரல் 6, சனி

அம்மாவுக்கு எண்பது.

வட்டமாக நாற்காலி, இருபத்திரண்டு பேர், மடியில் தட்டு, தட்டில் ஆப்பிள் கேக் ஒரு துண்டு. உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, “உங்க அம்மாவுக்காக வாழ்த்துகள்”, “உங்க மாமியாருக்காக வாழ்த்துகள்”, “உங்க பக்கத்து வீட்டம்மாவுக்காக வாழ்த்துகள்” என்று வட்டம் முழுக்கச் சொல்லி முடித்து உட்காருவதற்குள் காப்பி ஆறிவிடும். ஹார்ம் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். வில்மாவின் பக்கத்து நாற்காலி. ஆறு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான், காலை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆன்ஸ் சித்தி, “யோலான்டா, பத்திரிகையில வந்துட்டியாமே” என்று வட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

அம்மா கேக்கைக் கீழே வைத்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள் போல. “எண்பது வயசுல எனக்கு இந்த அவமானம் தேவையா? எங்க வீட்டுல யாரும் ஒரு பொய் சொன்னதில்ல. தங்கச்சி ஜன்னல்ல இருக்கிற பொருள அழிச்சுப் பரிசு வாங்கப் பார்த்திருக்கா. போட்டோவாம் போட்டோ! இதோ, ஹார்மும் வில்மாவும் எவ்வளவு ஒழுங்கா இருக்காங்க, அவங்களப் பார்த்து ஒரு வெக்கம் வேணாம்?”

நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் எல்லாம் வீணாகிவிடும். ஹார்ம் தலையைக் குனிந்துகொண்டான். யாப் மட்டும், “கேக் நல்லா இருக்கு” என்றார், யாரும் கேட்காமலே. இதுவும் கடந்துவிடும், இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

“அவ அழிக்கலம்மா.”

வில்மா. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

“வில்மா, வேணாம்டி” என்றேன்.

“சும்மா இரு. அவ எதையும் அழிக்கலம்மா. ஜாடி ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு ஹார்மோட வீட்டுல இருந்துச்சு. ஹார்முக்கு இப்போ வேற வீடு. அந்த ஜாடிய நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். எனக்காகத்தான் இவ பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டா, நீ திட்டறத எல்லாம் வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல.”

இருபத்திரண்டு கரண்டியும் நின்றுவிட்டன. காது கேட்காத பீட் மாமா மட்டும் ஹார்ம் கையைப் பிடித்துக் குலுக்கி, “மாமியாருக்காக வாழ்த்துகள்” என்றார். இரண்டாவது தடவையாக.

அம்மா ரொம்ப நேரம் வில்மாவைப் பார்த்தாள். பிறகு ஹார்மை. பிறகு என்னை. “எப்பலேர்ந்து?” என்றாள். “நவம்பர்லேர்ந்து” என்றாள் வில்மா.

“அஞ்சு மாசமா நீ தனியாவா சாப்பிடற?”

வில்மா அங்கேயே, இருபத்திரண்டு பேருக்கு நடுவில், தட்டோடு நின்று அழுதாள். எங்கள் குடும்பத்தில் வட்டத்தில் உட்கார்ந்து யாரும் அழுததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். கேக் என் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஹார்ம் கோட்டை எடுத்தான். “உக்காரு” என்றாள் அம்மா. “காப்பி இன்னொரு சுத்து வருது. அப்புறம் போ.”

ஏப்ரல் 7, ஞாயிறு

ஹார்ம் வந்து ஜாடியை எடுத்துக்கொண்டு போனானாம். அதே செய்தித்தாளில் சுற்றி. வில்மா போனில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நிமிடம் பேசினோம், ஒரு காரியமும் இல்லாமல்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கூன்ராட் போன். ஆன்ஸ் சித்தி மூலம் விஷயம் கிளப் வரை போய்விட்டது. இந்த ஊரில் செய்தி என் சைக்கிளைவிட வேகமாகப் போகும்.

“அப்போ அந்தப் படம் நிஜமா?”

“நிஜம்.”

“ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா தோத்திருக்கேன். அதையும் எனக்குத் தெரியாம பண்ணிட்டீங்களே” என்றார். பாப்லரைக் கழற்றிவிட்டு என் படத்தை மாட்டப் போகிறாராம். தடையையும் நீக்கியாகிவிட்டது. பொய் சொல்லித் தோற்றவரை என்ன செய்வதென்று விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லையாம்.

அந்த ஆளை இத்தனை வருடம் கரித்துக்கொட்டினேனே என்று இருந்தது. கொஞ்சம்தான்.

“நான் ஒருத்திகிட்ட கேக்கணும்” என்றேன்.

இந்தத் தடவை 14-ஆம் எண்ணில் மணியடித்தேன். வில்மா கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, “யோசிக்கணும்” என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவளுக்கு யோசிக்க ஐந்து நாள் ஆனது. இன்று மத்தியானம் பதில் வந்தது: ‘மாட்டு.’

ஏப்ரல் 25, வியாழன்

மாட்டினார்கள். ஒன்றரை மீட்டர். கூன்ராடே ஏணியில் ஏறி மட்டம் பார்த்தார், என்னைத் தொட விடவில்லை.

வில்மா மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள். படத்துக்கு நேராக நின்றாள். நான் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழப்போகிறாளோ, கோபப்படப்போகிறாளோ என்று தெரியவில்லை. கூன்ராட் பக்கத்தில் வந்து, வெற்றிடம், கண் போய் நிற்கும் இடம், அது இது என்று ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவே இல்லை.

“சீ” என்றாள் வில்மா. “ஜன்னல் எவ்வளவு அழுக்கா இருக்கு!”

அப்போதுதான் நான் பார்த்தேன். இந்தப் பெரிய அளவில், அந்தப் பக்கவாட்டு வெயிலில், நன்றாகவே தெரிந்தது. பத்து வீட்டுக் கண்ணாடியும் பளபளவென்று, மேலும் கீழும். அவளுடையது மட்டும் மங்கல், மழைக் கறையோடு. வாரா வாரம் சனிக்கிழமை கண்ணாடி கழுவுகிறவள் அவள். நவம்பரிலிருந்து தொடவே இல்லை. நான் எடுத்த படம். ஆயிரம் தடவை பார்த்த படம்.

“இப்பவும் அப்படியேவா இருக்கு?” என்றேன்.

“அப்படியேதான்.”

“சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் வரேன். வாளியும் துணியும் எடுத்துக்கிட்டு.”

“ஏணியும் கொண்டு வா” என்றாள் வில்மா. “மாடி ஜன்னல் எட்டாது. எங்க ஏணிய ஹார்ம் எடுத்துட்டுப் போயிட்டான்.”